யாக்கோபு என்றொரு சகோதரர்

1910 ஜனவரி 31, பிப்ரவரி 1 ஆகிய இரண்டு நாளும் பெர்லின் விலங்கியல் பூங்கா மண்டபத்தில் ஒரு விவாதம் நடந்தது. தலைப்பு: ‘இயேசு வாழ்ந்தாரா?’ வாழவே இல்லை என்று வாதிட்டவர் ஆர்தர் ட்ரூஸ், கார்ல்ஸ்ரூ நகரில் தத்துவம் கற்பித்த பேராசிரியர். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அவருடைய ‘கிறிஸ்து தொன்மம்’ என்ற நூல் ஜெர்மனியில் பெரும் பரபரப்பைக் கிளப்பியிருந்தது. மறுத்துப் பேச வந்தவர்களில் முதன்மையானவர் இறையியல் அறிஞர் ஹெர்மன் ஃபான் சோடன்.

ட்ரூஸின் வாதம் எளிமையானது. செத்து மீண்டு வரும் பழைய கடவுளரின் கதைகளும், மீட்பர் ஒருவர் வருவார் என்ற யூதர்களின் காத்திருப்பும் கலந்து உருவான பாத்திரமே இயேசு. அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை. இதையே பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வோல்னியும் டுப்புயியும் வேறு விதமாகச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் புரூனோ பவர் சொன்னார். 1927இல் லண்டனில் ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்று பேசிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார். அந்த உரை தமிழாகி, இங்கே பகுத்தறிவாளர்கள் விரும்பிப் படித்த நூல்களில் ஒன்றாயிற்று.

வாதத்துக்குள் போகுமுன் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இயேசு கடவுளா, தண்ணீரின் மேல் நடந்தாரா, உயிர்த்தெழுந்தாரா என்பவை வரலாற்றாய்வின் கருவிகளுக்குள் அடங்காதவை. ஆய்வாளர் கேட்பது சிறிய கேள்வி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலேயாவில் இயேசு என்ற பெயருடைய யூதப் போதகர் ஒருவர் இருந்தாரா, பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் அறையப்பட்டாரா, அவரைப் பின்பற்றியவர்களிடமிருந்துதான் கிறிஸ்தவம் கிளம்பியதா? இவ்வளவுதான். கேள்வி சிறியதானாலும், விடை தேடும் வழி துப்பறியும் கதை போல விரிகிறது.

கல்லில் கிடைத்த ஆளுநர்

“அவர் காலத்துக் கல்வெட்டு ஒன்றாவது உண்டா?” முதலில் எழும் கேள்வி இது. இல்லை. ஆனால் அவருக்குத் தீர்ப்பளித்த பிலாத்துவின் கதை என்ன? ரோமப் பேரரசின் ஆளுநராக யூதேயாவைக் கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டவர் அவர். அவர் வெளியிட்ட செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பேரரசரின் பெயர் இருக்கிறதே தவிர அவர் பெயர் இல்லை. பெயர் பொறித்த கல் 1961இல்தான் கிடைத்தது. கடற்கரை நகரான செசரியாவில் இத்தாலியத் தொல்லியலாளர்கள் பழைய அரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். அங்கே படிக்கட்டில் பதித்திருந்த சுண்ணாம்புக்கல் ஒன்றைப் புரட்டியபோது, பாதி சிதைந்த நான்கு வரிகளில் பிலாத்துவின் பெயரும் பதவியும் தெரிந்தன. ஒரு நாட்டைப் பத்தாண்டு ஆண்டவரின் பெயரே படிக்கல்லாகக் கிடந்து தற்செயலாகத் தப்பியிருக்கிறது. ஊர் ஊராக நடந்து பேசிய ஒரு தச்சருக்கு யார் கல்வெட்டு பொறிப்பார்கள்?

சிலுவைச் சாவுகளுக்கும் இதே கதிதான். கி.மு. 4இல் எழுந்த கலகத்தை அடக்க ரோமத் தளபதி வாரஸ் ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் ஏற்றியதாக முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையின்போது ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் வரை அறையப்பட்டார்கள் என்கிறார். இத்தனை பேரில் அந்த மண்ணில் சிலுவையின் தடயத்தோடு ஐயமறக் கிடைத்த எலும்பு ஒன்றே ஒன்று. 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறைக் குகையில் எலும்புப் பேழை ஒன்றைத் திறந்தார்கள். யெஹோஹனான் என்று பெயர் கீறிய அந்தப் பேழைக்குள் இருந்த குதிகால் எலும்பில் பதினொன்றரை சென்டிமீட்டர் நீள ஆணி ஒன்று பாய்ந்தபடியே இருந்தது. ஆணியின் முனை வளைந்துவிட்டதால் உறவினர்களால் பிடுங்க முடியவில்லை. அந்த முனை நேராக இருந்திருந்தால் நமக்கு அந்தச் சான்றும் மிஞ்சியிருக்காது.

ஆக, தடயம் இல்லாததைக் கொண்டு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில், இல்லாத தடயம் அவர் இருந்ததற்கும் சாட்சியாகாது. எழுதப்பட்டவற்றைத்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

இரண்டு பத்திகள்

எருசலேமில் ஓர் ஆசாரியக் குடும்பத்தில் கி.பி. 37இல் பிறந்தவர் யோசேபஸ். ரோமை எதிர்த்துப் படை நடத்திப் பிடிபட்டு, பிறகு ரோமிலேயே குடியேறி, தம் இனத்தின் வரலாற்றை 20 பாகங்களாகக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்த ‘யூதத் தொன்மை’ நூல் கி.பி. 93 வாக்கில் முடிந்தது. அதில் இரண்டு இடங்களில் இயேசு வருகிறார்.

முதல் இடம் 18ஆம் பாகத்தில். அங்கே இயேசுவை மனிதர் என்று சொல்வதே தகுமா என்ற தயக்கம் தெரிகிறது. அவரே கிறிஸ்து என்ற அறிவிப்பும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்ற செய்தியும் வருகின்றன. இதைப் படிக்கும் யாருக்கும் சந்தேகம் வரும். கடைசிவரை யூதராகவே இருந்தவர் இப்படி எழுதுவாரா? மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் யோசேபஸை நன்றாகப் படித்தவர். இயேசுவை யோசேபஸ் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று அவரே எழுதுகிறார். அப்படியானால் அவர் கையில் இருந்த பிரதியில் இந்த அறிவிப்பு இல்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யூசிபியஸ் மேற்கோள் காட்டும்போதுதான் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. இடையில் ஏதோ ஒரு கிறிஸ்தவக் கை உள்ளே புகுந்திருக்கிறது. பத்தி முழுவதும் இட்டுக்கட்டியது என்கிறார்கள் சிலர். நடுவே ஓர் எளிய குறிப்பு இருந்தது, அதற்குத்தான் புகழுரை பூசப்பட்டது என்பதே பெரும்பாலோர் முடிவு. எப்படியானாலும் இந்தப் பத்தியை மட்டும் நம்பி வழக்காட முடியாது.

இரண்டாவது இடம் 20ஆம் பாகத்தில். யூதேயாவின் ரோம ஆளுநர் பெஸ்து கி.பி. 62இல் இறந்துபோகிறார். புதிய ஆளுநர் அல்பினஸ் இன்னும் வந்து சேரவில்லை. தட்டிக்கேட்க ஆளில்லாத அந்த இடைவெளியில், பிரதான ஆசாரியர் அனனுஸ் அவசரமாக யூதர்களின் நீதிச் சங்கத்தைக் கூட்டி, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரரான யாக்கோபையும் வேறு சிலரையும் நிறுத்தி, சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டிக் கல்லெறிந்து கொல்ல ஒப்படைக்கிறார். நியாயவான்கள் கொதிக்கிறார்கள். சிலர் வழியிலேயே அல்பினஸைச் சந்தித்து முறையிடுகிறார்கள். அகிரிப்பா மன்னர் அனனுஸின் பதவியைப் பறிக்கிறார். பதவியேறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இந்தப் பத்தியின் கதாநாயகர் இயேசு அல்லர், யாக்கோபுகூட அல்லர். பதவி வெறியால் கெட்ட ஓர் ஆசாரியரின் கதை இது. யாக்கோபு என்ற பெயர் அன்றைய யூதர்களிடையே தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தது. எந்த யாக்கோபு என்று வாசகருக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக மட்டும் சகோதரர் பெயர் வந்து விழுகிறது. “எந்த முருகன்?” என்று கேட்டால் நம் ஊரில் “மளிகைக்கடை செல்வத்தின் தம்பி” என்று அடையாளம் சொல்வோம், செல்வத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணமே நமக்கு இருக்காது. புகழும் இல்லை, இகழும் இல்லை. இட்டுக்கட்டுகிற கிறிஸ்தவர் ‘எனப்பட்ட’ என்று ஒட்டாமல் எழுதியிருப்பாரா?

இதற்கும் மறுப்பு உண்டு. அனனுஸுக்குப் பிறகு ஆசாரியப் பதவி பெற்றவரின் பெயரும் இயேசுதான். தம்னேயுவின் மகன் இயேசு. முதலில் சொன்னது அவரைத்தான், ‘கிறிஸ்து எனப்பட்ட’ என்பது பின்னால் யாரோ ஓரத்தில் எழுதி உள்ளே நுழைந்த சொல் என்கிறார் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கேரியர். சாமர்த்தியமான ஊகம்தான். ஆனால் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் இந்தச் சொற்றொடரை அறிந்திருக்கிறார். தம்னேயுவின் மகனையும் யோசேபஸ் தந்தை பெயரோடு புதியவராகவே அறிமுகம் செய்கிறார். ஆகவே இந்த ஊகத்தை ஏற்றவர்கள் மிகச் சிலரே.

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸையும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது பழியை நீரோ கிறிஸ்தவர்கள் தலையில் கட்டியதைச் சொல்லுமிடத்தில், கிறிஸ்து பிலாத்துவின் கையால் கொல்லப்பட்டதையும் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் எழுதியது கி.பி. 116 வாக்கில். பிலாத்துவின் பதவிப் பெயரையும் பிற்கால வழக்கப்படியே எழுதுகிறார். செசரியாக் கல்லில் இருப்பது வேறு பதவிப் பெயர். ஆவணத்தைப் பார்த்து எழுதாமல், அன்று பலருக்கும் தெரிந்ததை எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். எனவே டாசிட்டஸ் துணைச் சாட்சி மட்டுமே.

பதினைந்து நாள் விருந்தாளி

முதன்மைச் சாட்சி புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நற்செய்தி நூல்களில் அல்ல. அவற்றில் மூத்ததான மாற்கு எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி. அதற்கும் இருபது ஆண்டு முன்பே, கி.பி. 50களில், கிறிஸ்தவப் போதகர் பவுல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் உள்ள 13 கடிதங்களில் ஏழு அவருடையவையே என்பதில் ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய சண்டையே இல்லை. அந்த ஏழில் ஒன்று கலாத்தியருக்கு எழுதியது. கோபத்தில் எழுதிய கடிதம் அது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பவுல் இயேசுவை நேரில் கண்டு பழகியவர் அல்லர். முதலில் இயேசுவைப் பின்பற்றியவர்களின் சபையைத் துன்புறுத்தியவர். “எருசலேமில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டுப் பாதி விளங்கிக்கொண்டு வந்து போதிக்கிறார்” என்று எதிரிகள் கலாத்தியரிடம் சொல்லியிருக்க வேண்டும். தம் போதனை மனிதரிடம் கற்றதல்ல, நேரடி வெளிப்பாடு என்று நிறுவ வேண்டிய நெருக்கடி பவுலுக்கு. அதனால் எருசலேமோடு தமக்கிருந்த தொடர்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக் கணக்குக் காட்டுகிறார். அழைப்புப் பெற்று மூன்று ஆண்டுக்குப் பிறகே அங்கே போனாராம். கேபா எனப்பட்ட பேதுருவோடு பதினைந்து நாள் மட்டும் தங்கினாராம். வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லையாம். பிறகு, விடவும் முடியாமல் ஒன்றைச் சேர்க்கிறார்: ஆண்டவரின் சகோதரரான யாக்கோபைத் தவிர. அடுத்த மூச்சில், தாம் சொல்வது பொய்யல்ல என்று கடவுள் முன்னிலையில் சத்தியம் செய்கிறார்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். இயேசு இருந்தார் என்று நிரூபிப்பது பவுலின் நோக்கமே அல்ல. அதைச் சந்தேகித்தவர் யாரும் அவர் முன்னால் இல்லை. யாக்கோபைச் சந்தித்தது அவர் வாதத்துக்குப் பாதகம். போதாக்குறைக்கு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் அந்தியோகியாவுக்கு வந்த பிறகு பேதுரு யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்காராமல் விலகியதையும், தாம் பேதுருவை எல்லார் முன்னும் கண்டித்ததையும் அதே கடிதத்தில் எழுதுகிறார். யாக்கோபின் மதிப்பை உயர்த்தப் பவுலுக்கு எந்தத் தேவையும் இல்லை. இருந்தும் அந்த உறவை மறைக்க முடியவில்லை; எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது.

விசுவாசிகள் எல்லாரையும் சகோதரர் என்பது வழக்கம்தானே, இதுவும் அப்படி ஒரு பட்டம்தான் என்பது, இயேசு வெறும் தொன்மமே என்று வாதிடும் தொன்மவாதிகளின் பதில். ஆனால் பேதுருவும் விசுவாசிதான். அவருக்கு இந்த அடைமொழி இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போதும் மற்ற அப்போஸ்தலர், ஆண்டவரின் சகோதரர்கள், கேபா என்று பவுல் பிரித்தே அடுக்குகிறார். யாக்கோபு உடன்பிறந்தவரா, ஒன்றுவிட்ட சகோதரரா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நம் கேள்விக்கு அது தடையில்லை. இரத்த உறவு எதுவானாலும் அதற்கு மண்ணில் நடமாடிய ஒருவர் வேண்டும். சபைக்கு வெளியே இருந்த யோசேபஸும், சபைக்கு உள்ளே மோதிக்கொண்டிருந்த பவுலும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே யாக்கோபை ஒரே விதமாக அடையாளம் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் பலம்

தொன்மவாதிகளின் வாதத்தை அசட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் காட்டும் ஒரு விஷயம் உண்மையிலேயே வியப்பானது. பவுலின் ஏழு கடிதங்களிலும் நாசரேத்து இல்லை, கலிலேயா இல்லை, பிலாத்து இல்லை. ஓர் உவமைக்கதைகூட இல்லை, ஓர் அற்புதமும் இல்லை. தம் ஆண்டவரின் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு குறைவாகவா ஒருவர் பேசுவார்? 1999இல் ஏர்ல் டோஹர்ட்டியும் 2014இல் கேரியரும் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பவுல் அறிந்த இயேசு வானுலகில் வாழ்ந்து, வானுலகிலேயே தீய சக்திகளால் கொல்லப்பட்ட ஒருவர். பின்னால் வந்த மாற்குதான் அவரை மண்ணுக்கு இறக்கினார் என்பது அவர்கள் முடிவு. கேரியர் நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, இயேசு இருந்திருக்கும் வாய்ப்பு மிஞ்சிப்போனால் மூன்றில் ஒன்று என்றார். கணக்கில் பிழையில்லாமல் இருக்கலாம்; உள்ளே போடும் எண்கள் எல்லாம் ஆய்வாளரின் ஊகங்கள்தானே.

தோற்றுவித்தவர் இல்லாமலே ஒரு மதம் தோன்றுமா? தோன்றலாம். பசிபிக் கடலில், இன்றைய வனுவாட்டு நாட்டின் தன்னா தீவில், 1940 வாக்கில் ஜான் ஃப்ரம் என்ற மீட்பரைச் சுற்றி ஓர் இயக்கம் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15இல் இன்றும் அவருக்கு விழா எடுக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒருவர் இருந்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. தொன்மவாதிகளுக்கு இது நல்ல உதாரணம். ஆனால் அப்படி நடக்கக்கூடும் என்பதால் இங்கேயும் அப்படித்தான் நடந்தது என்று ஆகாது.

வானுலக இயேசுவை ஏற்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி விளக்கம் தேவைப்படுகிறது. இயேசு பெண்ணிடம் பிறந்தவர் என்கிறார் பவுல்; அது உருவகம் என்று கொள்ள வேண்டும். தாவீதின் வம்சம் என்கிறார். தாவீதின் வித்தைக் கடவுள் வானில் காத்துவைத்து அதிலிருந்து உடல் செய்தார் என்று கொள்ள வேண்டும். சகோதரர் என்கிறார், அது பட்டம். விவாகரத்து கூடாது என்பது ஆண்டவரின் கட்டளை என்கிறார். அது தரிசனத்தில் கேட்டது. தனித்தனியே ஒவ்வொன்றும் நடந்திருக்கக்கூடியதே. நான்கையும் சேர்த்து ஏற்பதைவிட, ஒரு மனிதர் இருந்தார் என்பது எளிது.

மறைக்க முடியாத சங்கடங்கள்

யோவான் ஸ்நானகனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்ற கதையை நான்கு நற்செய்திகளிலும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு நூதனம் தெரியும். மாற்கில் நேரடியாக நடக்கிறது: பாவம் தீர மனம் திருந்தியவர்கள் யோவானிடம் வந்து முழுகுகிறார்கள், இயேசுவும் வந்து முழுகுகிறார். பாவமற்றவர் எதற்காக முழுகினார், முழுக்காட்டியவர் பெரியவரா முழுகியவர் பெரியவரா என்ற கேள்விகள் எழாமல் இருக்குமா? மத்தேயுவில் யோவான் தயங்குகிறார், இயேசு சமாதானம் சொல்லிச் சம்மதிக்க வைக்கிறார். லூக்காவில் யோவான் சிறைக்குப் போன செய்தி முன்னால் வந்துவிடுகிறது. பிறகுதான், யார் கையால் என்று சொல்லாமல், இயேசு ஞானஸ்நானம் பெற்றது ஒரு வரியில் கடக்கிறது. யோவான் நற்செய்தியில் அந்தச் சடங்கே காணோம்; ஸ்நானகன் இயேசுவைச் சுட்டிக்காட்டிச் சாட்சி மட்டும் சொல்கிறார். இவ்வளவு பாடுபட்டு மழுப்ப வேண்டிய கதையை யாராவது வேலை மெனக்கெட்டு உருவாக்குவார்களா?

ஊர் விஷயமும் அப்படியே. மீட்பர் தாவீதின் ஊரான பெத்லகேமில் பிறக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மத்தேயுவில் குடும்பம் பெத்லகேமிலேயே இருந்து, எகிப்துக்கு ஓடி, பிறகு நாசரேத்தில் குடியேறுகிறது. லூக்காவிலோ நாசரேத்தில் இருந்த குடும்பம் குடிமதிப்புக்காகப் பெத்லகேமுக்குப் போகிறது. மத்தேயு சொல்லும் ஏரோது மன்னர் கி.மு. 4இல் இறந்தவர், லூக்கா சொல்லும் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது. இடையில் ஏறத்தாழப் பத்தாண்டு இடிக்கிறது. இரண்டு கதைகளும் அடித்துக்கொண்டாலும் வந்து முடியும் ஊர் ஒன்றே. பழைய ஏற்பாட்டில் பெயர்கூட இல்லாத குக்கிராமம் அது. அந்தக் காலத்தில் நாசரேத்தே கிடையாது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 2009இல் அங்கே முதல் நூற்றாண்டு வீடு ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. ஊர் இருந்ததால் ஆள் இருந்தார் என்று ஆகிவிடாது. அந்த ஒரு மறுப்பு மட்டும் விழுந்தது.

சங்கடத்தைக் கொண்டு உண்மையை அளப்பதிலும் ஆபத்து உண்டு. நமக்குச் சங்கடமாகப் படுவது மாற்குக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் ஆய்வாளர்கள் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யோவானிடம் ஞானஸ்நானம், பிலாத்துவின் கீழ் சிலுவை என்ற இரண்டும் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொள்பவை. மற்றவை ஒவ்வொன்றும் விவாதத்துக்குரியவை. பிறந்த ஆண்டுகூட அப்படித்தான். 525இல் டயோனிசியஸ் என்ற துறவி போட்ட கணக்கில் பிசகு இருந்ததால், ஏரோது உயிரோடிருந்தபோது பிறந்தார் என்பது சரியானால், கிறிஸ்து பிறந்ததே கி.மு.வில்தான்!

இயேசு என்ற மனிதர் இருந்தார் என்ற முடிவுக்கு வந்தவர்கள் விசுவாசிகள் மட்டும் அல்லர். 2012இல் தொன்மவாதிகளை மறுத்து நூல் எழுதிய பார்ட் எர்மான் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர். இயேசுவை யூதராகவே ஆராய்ந்து 1973இல் புகழ்பெற்ற நூலை எழுதிய கேசா வெர்மெஸ் யூதர். தொன்மவாதத்தைப் பல ஆண்டுகள் தாங்கிப்பிடித்த ஜி. ஏ. வெல்ஸ், 1990களில், நற்செய்திகளின் அடியில் கலிலேயப் போதகர் ஒருவரின் நினைவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தெய்வ இயேசுவை ஏற்கும் அவசியம் அவருக்கு அதனால் வரவில்லை. இயேசு இருந்தார் என்பதால் விசுவாசம் நிரூபணமாவதும் இல்லை, நாத்திகம் தோற்பதும் இல்லை.

யோசேபஸின் நூலில் புகழுரையைச் செருகியவர் தம் ஆண்டவருக்குத் தொண்டு செய்வதாகவே நினைத்திருப்பார். அவர் கைபட்ட பத்திதான் நூற்றாண்டுகளாகச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. ஓர் ஆசாரியரின் அடாவடியைச் சொல்ல வந்த இன்னொரு பத்தியில், எந்த யாக்கோபு என்று காட்ட எழுதிய சில சொற்கள்தான், பவுலின் கடிதத்தோடு சேர்ந்து, இன்று வழக்கைத் தாங்கி நிற்கின்றன.